கொக்கி பிடித்த கை

எங்கள் வடிவமைப்புத் துறையின் புதிய பாடத்திட்டத்தில் களப்பணி இனிக் கட்டாயமில்லையாம். ஒரு தொழிலாளியின் வயது, ஊர், வேலை எல்லாவற்றையும் கணினியில் கொடுத்தால் போதும், அது அந்தத் தொழிலாளியாகவே பேசிப் பதில் சொல்கிறது. போன மாதம் இளைய விரிவுரையாளர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அதைக் காட்டினார்கள். நானும் ஆசையாக உட்கார்ந்தேன். பிரஸ் மிஷின் ஓட்டும் ஒரு பெண்ணை அதில் உருவாக்கச் சொல்லி, "பட்டனில் ஏன் குச்சி சொருகுகிறாய்?" என்று தட்டினேன். "பட்டன் உயரத்தில் இருப்பதால் தோள் வலிக்கிறது" என்று பதில் வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் எழுதினேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைகள். அப்படி எழுதியதில் ஒருத்தியின் வலது கை போயிருக்கும்.

"அதை எழுதிக் குடுங்க மேடம், துறை மலர்ல போடலாம்" என்றார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் அந்த வாரத்தின் படபடப்பு அப்படியே திரும்பி வருகிறது.

நான் புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவள். எங்கள் குடும்பத்தில் வயல் கூலியை விட்டு ஆலைக்குப் போன முதல் ஆள் என் நைனா. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சென்னையில் தொழில் வடிவமைப்பு படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் கேட்டார்: "டிசைன்னா இன்னாம்மா? பொடவைக்குப் போடுவாங்களே, அதுவா?"

"இல்ல நைனா, மிஷினுக்கு."

"மிஷினுதான் ஏற்கனவே கீதே. அதுல நீ இன்னா பண்ணப்போற?"

படித்தேன், மேலும் படித்தேன், படித்த கல்லூரியிலேயே விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறைய வரைந்தேன். வரைந்தது நன்றாக இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பைக் கலைத்தவர் துறைத் தலைவர் நடேசன் சார். முதலாண்டு மாணவனையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்திக் கேட்டவர்கள் இல்லை. அறிக்கை கொண்டுபோனால் உட்காரச் சொல்ல மாட்டார், அவரும் உட்கார மாட்டார். நின்றுகொண்டே படித்து, பச்சை மை பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வருவார். பாராட்டு என்று ஒரு சொல் அவர் வாயில் வந்ததில்லை. ஏதாவது ஒன்று அவரைப் பிடித்து இழுத்துவிட்டால் மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துறையில் எல்லாரும் அதற்காகத்தான் உழைத்தோம்.

அவர் துறையில் களக்குறிப்பு எழுத ஒரு முறை இருந்தது. நோட்டின் இடது பக்கத்தில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும். நாம் நினைத்ததெல்லாம் வலது பக்கத்துக்கு. இடம் மாறி ஒரு சொல் விழுந்தாலும் பச்சைக் கோடுதான். என் முதல் களப்பணி ஆர்.கே.பேட்டை காய்கறிச் சந்தையில். கூடை தூக்கும் பெண்களைப் பற்றி இடது பக்கத்தில், 'பழக்கத்தின் காரணமாகத் தலையில் சுமக்கிறார்கள்' என்று எழுதிக்கொண்டு போனேன். அவர் 'பழக்கம்' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டார்.

"பழக்கத்தை நீங்க எந்த எடத்துல பாத்தீங்க?"

மறுநாள் விடிந்ததும் திரும்பவும் பஸ் ஏறினேன். நாள் முழுக்க நின்று பார்த்ததில், மாட்டு வண்டிகள் நெருக்கி நிற்கும் சந்தில் இடுப்பில் கூடையோடு நுழைய முடியாது என்பதும், தலையில் இருந்தால் இரண்டு கையாலும் மாட்டை ஒதுக்கிக்கொண்டு போகலாம் என்பதும் கண்ணில் பட்டது. அந்தச் சந்தோஷத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதினேன். அவர் கடிகாரத்தைத் தொட்டார், ஆனால் கழற்றவில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பிரஸ் மிஷின். நைனா வேலை செய்த கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே, வண்டிகளுக்குப் பூட்டு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி அனுமதி கொடுத்தது. தகட்டைக் கீழச்சில் வைத்தால் மேலச்சு இறங்கி வெட்டி வளைக்கும். கை நடுவில் இருந்தால் கையையும்தான். அதனால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் இருக்க முடியாது. தெரியாமல் எதுவும் பட்டுவிடக்கூடாது என்று ஒவ்வொரு பட்டனைச் சுற்றியும் கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு இரும்பு வளையம்.

எல்லாம் சரிதான். ஆனால் அங்கே வேலை செய்த பெண்கள் வலது பட்டனை அழுத்தி, வளையத்துக்கும் பட்டனுக்கும் நடுவில் ஐஸ் குச்சியைச் சொருகி வைத்திருந்தார்கள். ஒரு பட்டன் எப்போதும் அழுந்தியே இருக்கும். இடது கையால் மட்டும் ஓட்டினார்கள்.

"எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாங்க மேடம். பேஜாரு புடிச்ச வேலை" என்றார் சூப்பர்வைசர் பாஸ்கர். கெட்ட மனிதர் இல்லை. ஒவ்வொரு நாளும் குச்சிகளைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப் போனவர்.

அந்தப் பிரிவில் மூத்த ஆபரேட்டர் வசந்தா. என் வயதுதான் இருக்கும். வேறொரு கம்பெனியில் ஆள்காட்டி விரலின் நுனியை விட்டுவிட்டு வந்தவள். அதை மறைக்க மாட்டாள், அந்த விரலாலேயே எல்லாவற்றையும் சுட்டிக்காட்டிப் பேசுவாள்.

நான் அளந்தேன். பட்டன்கள் தோள் உயரத்தில் இருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை முறை கையைத் தூக்குகிறார்கள் என்று எண்ணினேன். கேட்டபோது எல்லாரும் தோள் வலிக்கிறது என்றார்கள். விடை கிடைத்துவிட்டது! பட்டன்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, ஒரு மிஷினில் பொருத்தினோம். இரண்டு நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு குச்சி கூட இல்லை. இடது பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: குச்சி இல்லை.

கட்டுரையாக எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். அதற்கு இந்தக் கட்டுரை வேண்டும். துறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் துறையின் தொலைபேசிக்கு வசந்தா பேசினாள். புதுவாயல் கடையிலிருந்து பேசுகிறாள் என்பது லாரிச் சத்தத்திலேயே தெரிந்தது.

"மேடம், கொக்கி பூட்ச்சி. கை கீது."

எனக்குப் புரியவில்லை. "என்ன ஆச்சு வசந்தா?"

"கை கீதுன்னு சொல்றேன் இல்ல. நீங்கோ வாங்கோ. என்னிய நிறுத்திட்டாங்கோ."

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். பாஸ்கர் மேஜை மேல் ஒரு கம்பியை வைத்தார். அச்சில் ஒட்டிக்கொள்ளும் பாகத்தை இழுத்து எடுக்க, பெண்கள் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செய்துகொள்ளும் கொக்கி அது. பாதி தூரத்துக்குக் காகிதம் போலத் தட்டையாகியிருந்தது. கொக்கி அச்சுக்குள் இருக்கும்போதே மேலச்சு இறங்கியிருக்கிறது. நசுங்கிய இடத்துக்கும் வசந்தா பிடித்திருந்த இடத்துக்கும் நடுவே நான்கு விரல் அகலம்.

"நீங்க மாத்திக் குடுத்த மிஷினுதான் மேடம். அதுலயும் குச்சி சொருகி ஓட்டிக்கினு இருந்துச்சு. சனிக்கிழமை விசாரணை கமிட்டி. மிஷின் சரியா கீதுன்னு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துட்டா வசந்தா மேல தப்புன்னு முடிச்சிடுவாங்க. வேலையை உட்டு அனுப்பிடுவாங்க."

என் கட்டுரையில் நான் எழுதியிருந்தது அதேதான், மிஷின் சரியாக இருக்கிறது என்று.

வசந்தா கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்றிருந்தாள். நான் கோபமாகத்தான் போனேன். "நான் நின்ன ரெண்டு நாளும் குச்சி இல்லையே! அப்புறம் ஏன்?"

"நீங்கோ நின்னுக்கினு இருந்தீங்கோ, அதனால இல்ல." அவள் முகத்தில் சங்கடம்தான், பயமில்லை. "மெட்ராஸ்லேருந்து அவ்ளோ தூரம் வந்து, ஊட்டு ஆளு மாரி எங்களாண்ட பேசிக்கினு... உங்க மனசு நோவக் கூடாதுன்னு மெதுவா ஓட்டினோம் மேடம். டீக்குப் போவாம கணக்கை ஈடு கட்டினோம்."

இரண்டு நாளாக நான் பார்த்தது எனக்காக நடத்தப்பட்ட மரியாதை. அதைத்தான் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பிறகு பாஸ்கரிடம் போய் ஒன்று கேட்டேன். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த மிஷின் முன்னால் நான் நிற்க வேண்டும், வசந்தா எனக்கு வேலையைச் சொல்லித்தர வேண்டும். அவர் முகம் சுளித்தாலும் விட்டார்.

இடது கையால் தகட்டை வை. இரண்டு பட்டனையும் அழுத்து. கொக்கியால் பாகத்தை இழு. அடுத்த தகடு. நான்கைந்து தடவை தடுமாறிச் செய்தேன். வசந்தா சிரித்தாள். "கொக்கிய கீழ வைக்காதீங்கோ மேடம், கைலயே வச்சிக்கினு செய்ங்கோ."

கொக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வலது பட்டனை அழுத்தப் போனேன். முடியவில்லை. வளையத்துக்குள் வெறுங்கையின் விரல்தான் நுழையும். கொக்கியைப் பிடித்த முஷ்டி நுழையாது. கம்பி வளையத்தின் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அழுத்த வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் கொக்கியைக் கீழே வைக்க வேண்டும், அழுத்தி முடித்ததும் திரும்ப எடுக்க வேண்டும். நாள் முழுக்க, ஒவ்வொரு தகட்டுக்கும்!

எனக்குத் தலைக்குள் விளக்குப் போட்டது போல இருந்தது. நான் கத்தியே விட்டேன். "கைல கொக்கி இருக்கு! வசந்தா, கைல கொக்கி இருக்கு!"

"ஆமா கீது. அதுக்கு இன்னா இப்போ?"

மாதக்கணக்காக அளந்திருக்கிறேன், படம் வரைந்திருக்கிறேன். என் படங்களில் எல்லாம் அந்தப் பெண்ணின் வலது கை வெறுங்கையாகவே இருந்தது. வளையத்தை வடிவமைத்த முன்பின் தெரியாத இஞ்சினியருக்கும் வெறுங்கைதான் தெரிந்திருக்கிறது. தோள் வலி பொய்யில்லை, ஆனால் குச்சிக்குக் காரணம் அது இல்லை. பக்கத்து மிஷின்களில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வசந்தாவின் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நடேசன் சார் அறையில் போய் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பாஸ்கரிடம் வாங்கி வந்திருந்த தட்டையான கொக்கியையும் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி, பேனாவின் மூடியை ஒரு பட்டன் போல மேஜையில் வைத்து, கொக்கி பிடித்த முஷ்டியால் அழுத்திப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து அவர் சொன்னது: "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறதா இன்னிக்கே எழுதிடுங்க."

"சார், நேர்காணல்..."

"நேர்காணல் அடுத்த வருஷமும் வரும். இதைப் படிச்சுட்டு வேற ஒரு கம்பெனியில பட்டனை மட்டும் இறக்கி வச்சுட்டு, பிரச்சினை தீந்துதுன்னு நிம்மதியா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

எழுதினேன். தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். அந்த வருடம் பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்து, கழிப்பறையில் கொஞ்ச நேரம் நின்றேன். அதையும் எழுதினால்தான் இது முழுசாகும்.

சனிக்கிழமை கமிட்டியில் என் ரிப்போர்ட் ஒரே பக்கம். தவறு வளையத்தின் வடிவத்திலும், அதைக் கவனிக்காத என் வடிவமைப்பிலும் இருக்கிறது, ஆபரேட்டரிடம் இல்லை. மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார், "மேடம், ஒங்க மேல நீங்களே எழுதிக்கிறீங்களே?" பாஸ்கர்தான் பதில் சொன்னார். "சார், நான் காலைல கொக்கிய கைல புடிச்சி அழுத்திப் பாத்தேன். முடியல சார்." திங்கட்கிழமை வசந்தா வேலைக்குத் திரும்பினாள்.

அதற்கப்புறம் வந்த இரண்டு மாதம் போல என் வாழ்க்கையில் வேறு இல்லை. ஈரக் களிமண்ணில், கொக்கியைப் பிடித்தபடி வசந்தாவின் முஷ்டியை அழுத்தச் சொல்லி அச்சு எடுத்தேன். அந்தக் குழியை மரத்தில் கடைந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் மாதிரி வளையங்களைப் பையில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் முஷ்டியை விட்டுப் பார்த்து, "இடிக்குது", "ஆடுது", "இது குண்டானு மாரி கீது" என்று திருப்பிக் கொடுப்பாள். அகலமாக்கினால் முழங்கை நுழைந்துவிடுகிறது. சின்னதாக்கினால் கம்பி இடிக்கிறது. ஏழாவது வளையத்தில் அவளே கரித்துண்டால் விளிம்பில் ஒரு கோடு போட்டாள். "இங்க வெட்டுங்கோ. கம்பி வெளியே நீட்டிக்கினு இருக்கட்டும்." வெட்டினேன். முஷ்டி சாவி போல உள்ளே போனது. சுண்டுவிரல் பக்கத்தால் பட்டனை அழுத்தினாள். கொக்கி கையிலேயே இருந்தது, கை அச்சுக்கு வெகு தூரத்தில் இருந்தது.

"தோ!" என்றாள்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் மிஷின் நகரும்படி கம்பெனி எலக்ட்ரீஷியன் இணைப்பையும் மாற்றினார். "அப்படின்னா வயரிங் மட்டும் போதாதா?" என்று பாஸ்கர் கேட்டார். வசந்தா தன் குட்டை விரலை ஆட்டினாள். "அது மட்டும் பண்ணியிருந்தா அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சிருப்போம் சார்."

சோதனைக்கு நான் போகக்கூடாது என்றார் நடேசன் சார். நான் நின்றால் மறுபடி மரியாதை நடக்கும். அப்படியானால் எப்படிப் பார்ப்பது? வழி சொன்னதும் வசந்தாதான். "கூட்டுற ஆயாவாண்ட சொல்லுங்கோ. குச்சியெல்லாம் கீழதானே வுழும்." அந்தப் பிரிவைக் கூட்டும் அம்மா, நான் கொடுத்த பிஸ்கட் டப்பாவில் ஒவ்வொரு நாளும் கீழே கிடக்கும் குச்சிகளைப் போட்டு வைத்தார். எதற்கு என்று அவரிடமும் சொல்லவில்லை, மற்ற பெண்களிடமும் சொல்லவில்லை. பழைய வளையம் இருந்த வாரம் டப்பா நிரம்பி மூட முடியவில்லை. புதிய வளையம் எல்லா மிஷினுக்கும் வந்து மூன்றாவது வாரம் டப்பாவை வாங்கித் திறந்தேன். அடியில் ஒரே ஒரு குச்சி. அதில் ஐஸ் சாயம்கூடப் போகவில்லை. யாரோ சாப்பிட்டுப் போட்டது. ஆட்டோவில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தேன்.

கட்டுரையைப் புதிதாக எழுதினேன், இரண்டு பேர் பெயரில். அடுத்த வருட மாநாட்டுப் படிவத்தில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் 'பதவி, துறை' என்று ஒரு கட்டம் இருந்தது. அலுவலகத்தில் இதை எப்படி நிரப்புவது என்று தயங்கினார்கள். நடேசன் சார் படிவத்தை வாங்கி, அவருடைய பச்சை மையாலேயே, 'ஆபரேட்டர், பிரஸ் பிரிவு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மாநாடு சென்னையில். வசந்தா லீவு போட்டுவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ரயிலில் வந்தாள். மேடையில் நான் பேசினேன், அவள் மரவளையத்தில் முஷ்டியை விட்டுக் காட்டினாள். கேள்வி நேரத்தில் பலரும் என்னைத்தான் கேட்டார்கள். கடைசியாக, வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த பேராசிரியர் எழுந்து, இரண்டாவது ஆசிரியரிடம் கேட்க விரும்புவதாகச் சொன்னார். இந்த வடிவமைப்பில் இன்னும் என்ன குறை இருக்கிறது?

நான் தமிழில் சொன்னேன். வசந்தா மைக்கை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"கைக்கு ஒண்ணும் கொற இல்ல சார். ஆனா எட்டு மணி நேரம் நின்னுக்கினே ஓட்றோம். கால் நரம்பு பூரா முடிச்சு முடிச்சா கீது. இத்த உக்காந்து ஓட்ற மாரி பண்ண முடியாதா?"

நான் மொழிபெயர்ப்பதற்குள்ளேயே தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். நடேசன் சார் சிரிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டின் இடது பக்கத்தில் அதை எழுதிக்கொண்டிருந்தார். வசந்தா மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள்.

அத்தனை நாளும் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவள் காலை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"திங்கட்கிழமை வரேன் வசந்தா" என்றேன், மைக்கிலேயே.